முகத்தில் எதை முதலில் தடவுவது, எதைக் கடைசியில்? ஒரு முழுமையான வழிகாட்டி

பல மாதங்கள் நான் சன்ஸ்கிரீனை முதலில் தடவி, அதன் மேல் மாய்ஸ்சரைசரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால், "காப்பு தோலை ஒட்டி இருக்க வேண்டாமா?" என்று வெகு தெளிவாகப் பதில் சொல்லியிருப்பேன். முகம் கறுத்தது. பழியைச் சன்ஸ்கிரீன் மேல் போட்டுவிட்டு வேறொன்று வாங்கினேன், அதையும் முதலில்தான் தடவினேன். இரவில் இன்னொரு கூத்து. கெட்டியான கிரீமைப் பூசிவிட்டு அதன் மேல் சீரம் (சத்து செறிந்த, நீர்த்த திரவம்) விடுவேன். பென்சில் கோட்டை ரப்பரால் அழித்தால் திரித்திரியாக வருமே, அதுபோல முகமெல்லாம் உருண்டு வரும். உள்ளே இருக்கும் அழுக்குதான் வெளியே வருகிறது என்று அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதும் உண்டு.

இந்த இரண்டு தவறும் ஒரே கேள்வியைக் கேட்காததால் வந்தவை. கையில் இருக்கும் பொருள் தோலுக்குள் போக வேண்டியதா, தோலின் மேல் நிற்க வேண்டியதா? உள்ளே போக வேண்டியது முதலில். மேலே நிற்க வேண்டியது கடைசியில். நடுவில் வருபவற்றில் முன்பின் ஆனாலும் பெரிய நட்டமில்லை.

தோல் எதை உள்ளே விடும்?

தோலின் மேற்பரப்பில் இருக்கும் கொம்புப் படலம் முகத்தில் சுமார் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமன்தான். ஒரு தலைமுடியைவிட மெல்லியது. ஆனால் கட்டுமானம் கெட்டி. உயிரற்ற செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்க, நடுவில் செராமைடு என்ற தோல் கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பமிலங்கள் எல்லாம் சேர்ந்த ஒரு கொழுப்புச் சாந்து பூசியிருக்கும். வெளியே இருப்பதை உள்ளே விடாமலும், உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமலும் பார்த்துக்கொள்வது இந்தச் சுவர்தான்.

இதைத் தாண்டிப் போக மூலக்கூறு சிறியதாக இருக்க வேண்டும். போஸ், மெய்னார்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் அதற்கு 500 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) என்று ஒரு கோடு போட்டார்கள். அதற்கு மேல் எடையுள்ள மூலக்கூறுகள் நல்ல நிலையில் இருக்கும் தோலைக் கடப்பது கடினம். நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) 122, சாலிசிலிக் அமிலம் 138, வைட்டமின் சி 176, ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) 286. இவையெல்லாம் கோட்டுக்குள் அடங்கிவிடும். ஹயலுரானிக் அமிலம் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில், சில வகை லட்சக்கணக்கில். அது மேலேயே தங்கி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் வேலையே அதுதான்.

"தண்ணீர் மாதிரி இருப்பது முதலில், கெட்டியானது பிறகு" என்று பலரும் சொல்வது இதிலிருந்து வந்த கைக்கணக்கு. கெட்டியான கிரீமிலும் எண்ணெயிலும் மெழுகும் கொழுப்பும் இருக்கும், அவற்றின் மேல் நீர்த்த சீரம் விட்டால் தோலைத் தொடவே சிரமப்படும். பத்தில் ஒன்பது முறை இந்தக் கணக்கு சரியாக வரும். தண்ணீர் மாதிரி ஓடும் சன்ஸ்கிரீன் வாங்கியவருக்குத்தான் இது காலை வாரிவிடும். எவ்வளவு நீர்த்திருந்தாலும் சன்ஸ்கிரீன் கடைசிதான்.

காலை: கழுவுவது

முதலில் கையைக் கழுவுங்கள், அப்புறம் முகம். தோலின் இயல்பான பிஎச் அளவு (அமிலமா காரமா என்று காட்டும் எண்) ஏறக்குறைய 5, அதாவது லேசான அமிலம். சாதாரண சோப்புக் கட்டியின் பிஎச் 9, 10 என்று இருக்கும், அது காரம். கழுவி முடித்ததும் முகம் இழுத்துப் பிடிக்கிறதே, அதைச் சுத்தத்தின் அடையாளம் என்று நினைப்போம். சாந்து கரைந்த அடையாளம் அது. இழுக்காத, மென்மையான ஃபேஸ்வாஷ் போதும். வறண்ட தோல்காரர்கள் காலையில் வெறும் தண்ணீரில் கழுவினாலும் குறையொன்றுமில்லை. வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீர் போதும். துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

குளிக்கும்போது தலைக்குக் கண்டிஷனர் போடுகிறவர்கள் அதை அலசிய பிறகு முகத்தைக் கழுவுவது நல்லது. நெற்றியிலும் முதுகிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும் கண்டிஷனர் பரு கிளப்பும்.

டோனர் (கழுவியதும் முகத்தில் ஒற்றும் நீர்த்த திரவம்) இருந்தால் இந்த இடத்தில் போடலாம். இல்லையென்றால் அதற்காக ஒன்று வாங்க வேண்டாம். இருக்கிறவர்கள் பஞ்சில் ஊற்றிப் பாதியைப் பஞ்சுக்கே கொடுப்பதற்குப் பதில் உள்ளங்கையில் விட்டு ஒற்றிக்கொள்ளலாம்.

காலை: சீரம்

காலைக்கு ஏற்ற சீரம் வைட்டமின் சி. வெயில் கிளப்பும் தீங்கான மூலக்கூறுகளை அது அடக்கும், சன்ஸ்கிரீனைத் தாண்டி வருவதற்கு இன்னொரு தடுப்பாக நிற்கும். ஆனால் இது அடம்பிடிக்கும் பொருள். எல்-அஸ்கார்பிக் அமிலம் என்ற தூய வைட்டமின் சி தோலுக்குள் போக அந்தக் கலவையின் பிஎச் 3.5க்குக் கீழே இருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் ஷெல்டன் பின்னெல் குழு 2001இல் காட்டியது. அளவை 20 சதவீதத்துக்கு மேல் கூட்டினாலும் பலன் கூடவில்லை. எனவே 30 சதவீதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், எரிச்சல்தான் கூடும். இதே குழு 2005இல், வைட்டமின் சி, ஈ கலவையுடன் ஃபெருலிக் அமிலத்தைச் சேர்த்தபோது கலவை நீடித்து நிற்பதையும் வெயில் பாதுகாப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காவதையும் கண்டது. குப்பிக்குள் இருப்பது தேநீர் நிறத்துக்கு மாறிவிட்டால் ஆக்சிஜன் அதைத் தின்றுவிட்டது என்று பொருள். தூக்கிப் போடுங்கள்.

இதை உலர்ந்த முகத்தில், தோலை நேராகத் தொடும்படி போடுங்கள். ஹயலுரானிக் அமிலம் நேர்மாறு. அதற்கு முகம் ஈரமாக இருக்க வேண்டும், உடனே மேலே மாய்ஸ்சரைசர் மூட வேண்டும். இரண்டும் வைத்திருந்தால் வைட்டமின் சி முதலில். அது காய்ந்ததும் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டு ஹயலுரானிக்.

நியாசினமைடையும் வைட்டமின் சியையும் ஒன்றாகப் போடவே கூடாது என்று ஒரு பேச்சு ஓயாமல் சுற்றுகிறது. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய ஆய்வகச் சோதனைகளின் எச்சம் அது. அந்தச் சோதனைகளில் இருந்த சூடு யார் முகத்திலும் வராது. இரண்டையும் தாராளமாகப் போடலாம். முகம் சிவந்து சூடேறுகிறது என்றால் ஒன்றைக் காலைக்கும் மற்றதை இரவுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கண் கிரீம் என்று தனியாக வைத்திருப்பவர்கள் அதை மாய்ஸ்சரைசருக்கு முன் போடலாம். என்னைக் கேட்டால், நறுமணம் கலக்காத மாய்ஸ்சரைசரையே கண்ணுக்குக் கீழும் கொஞ்சம் இழுத்துவிட்டால் போதும்.

காலை: மாய்ஸ்சரைசர்

மாய்ஸ்சரைசருக்குள் மூன்று வேலையாட்கள் இருக்கிறார்கள். கிளிசரின், யூரியா போன்றவை ஈரத்தை இழுக்கும். கொழுப்புகளும் எண்ணெய்களும் செங்கல்லுக்கு நடுவிலுள்ள விரிசலை நிரப்பும். பெட்ரோலியம் ஜெல்லி, டைமெத்திகோன் போன்றவை மேலே மூடி போடும். வறண்ட தோலுக்கு மூன்றாவது ஆள் அதிகம் தேவை, எண்ணெய்ப் பசைத் தோலுக்குக் குறைவாக. கழுவிய ஈரம் முழுவதும் உலர்வதற்குள் தடவினால் பலன் அதிகம்.

எண்ணெய் வழியும் முகமா? சன்ஸ்கிரீனே கிரீம் பதத்தில் இருந்தால் காலையில் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

காலை: சன்ஸ்கிரீன்

இங்கேதான் நான் மாதக்கணக்கில் ஏமாந்தேன். சன்ஸ்கிரீன் தோலின் மேல் ஒரு சீரான படலமாகக் காய்ந்து நிற்க வேண்டும். அந்தப் படலத்தின் மேல் கிரீமை வைத்துத் தேய்த்தால் ஓர் இடத்தில் கலைந்து ஓர் இடத்தில் குவியும், நடுவில் ஓட்டை விழும். மாய்ஸ்சரைசரோடு உள்ளங்கையில் கலந்து தடவுவதும் இதே கதைதான், சன்ஸ்கிரீன் நீர்த்துப்போகும். வேதிவகை சன்ஸ்கிரீன் தோலுக்குள் ஊற வேண்டும், ஆகவே அது முதலில், துத்தநாக ஆக்சைடு வகை மட்டும் கடைசியில் என்று ஒரு வாதம் உண்டு. அதைப் பின்பற்ற வேண்டாம். எந்த வகையானாலும் படலம் கலையாமல் இருப்பதுதான் முக்கியம், எனவே இரண்டுமே கடைசியில்.

வரிசையைவிடப் பெரிய விஷயம் அளவு. டப்பாவின் மேல் இருக்கும் எஸ்பிஎஃப் எண் (வெயில் காப்பின் அளவு), ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்து எடுத்தது. நாமெல்லாம் தடவுவது பெரும்பாலும் அதில் பாதியோ அதற்கும் கீழோதான். எஸ்பிஎஃப் 30 சரியாகத் தடவினால் தோலைச் சிவக்கவைக்கும் புற ஊதா பி கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. இந்த ஒரு சதவீதத்துக்காகக் கூடுதல் காசு கொடுத்துவிட்டு, வாங்கியதைக் கடுகளவு தடவுவதில் என்ன லாபம்? ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கோடு பிதுக்குங்கள். முகம், காது, கழுத்து எல்லாவற்றுக்கும் சேர்த்து அதுதான் அளவு. ஒரே தடவையில் பூசினால் பிசுபிசுப்பாக இருக்கும், எனவே ஒரு விரல் அளவைப் பூசி, கொஞ்சம் பொறுத்து அடுத்த விரலைப் பூசலாம்.

வெளியே கிளம்ப 15 நிமிடத்துக்கு முன் போட்டுவிடுங்கள். வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. மங்கு, கரும்புள்ளி உள்ளவர்களுக்கும் மாநிறத் தோல்காரர்களுக்கும் ஒரு சேதி: கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கூட்டும், வெள்ளைச் சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயல் உள்ள வகையைத் தேடி வாங்குங்கள். முகத்தில் வெள்ளை பூத்து நிற்கும் தொல்லையும் அதில் குறையும்.

ஒப்பனை இதற்கு மேல்தான். கொசு விரட்டி போட வேண்டியிருந்தால் அதுவும் சன்ஸ்கிரீன் காய்ந்த பிறகு.

இரவு: இரண்டு முறை கழுவலாமா?

சன்ஸ்கிரீனோ ஒப்பனையோ போட்ட நாளில் ஆம். தண்ணீரில் கரையாத வகைகள் எண்ணெயில்தான் கரையும். எண்ணெய் அல்லது பாம் (கெட்டியான எண்ணெய்க் களிம்பு) வகைக் கிளென்சரை உலர்ந்த முகத்தில் உலர்ந்த கையால் தேய்த்து, பிறகு நீர் விட்டுக் குழைத்துக் கழுவுங்கள். அதன் பின் வழக்கமான ஃபேஸ்வாஷ். நாள் முழுக்க வீட்டுக்குள் ஒன்றும் பூசாமல் இருந்தால் ஒருமுறை போதும்.

இரவு: மருந்து போன்றவை

தோலை நிஜமாகவே மாற்றும் சரக்கெல்லாம் இங்கேதான் வருகிறது. கை தவறுவதும் இங்கேதான்.

அமிலங்களிலிருந்து தொடங்குவோம். கிளைகோலிக், லாக்டிக் அமிலங்கள் நீரில் கரைபவை, மேற்பரப்பின் இறந்த செல்களைத் தளர்த்தும். சாலிசிலிக் எண்ணெயில் கரையும், ஆகவே எண்ணெய் அடைத்த துவாரத்துக்குள் புகும். பருவுக்கு அதைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். கழுவி உலர்ந்த முகத்தில் முதலில் இவற்றைத் தடவ வேண்டும். கிளைகோலிக், லாக்டிக் வகைகள் வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும், நிறுத்திய பிறகும் ஒரு வாரம் சன்ஸ்கிரீனைக் கைவிடக் கூடாது.

அடுத்து வைட்டமின் ஏ போல வேலை செய்யும் ரெட்டினால், அடாபலீன், டிரெட்டினாயின் குடும்பம். இவற்றில் பலவும் வெளிச்சத்தில் சிதையும், அதனால் இரவு. முகம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், ஈரத் தோலில் எரிச்சல் கூடும். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. நெற்றி, இரு கன்னம், தாடை என்று புள்ளி வைத்துப் பரப்புங்கள். கண், உதட்டோரம், மூக்கோரம் மூன்றையும் விட்டுவிடுங்கள். முதல் சில வாரங்கள் வாரத்துக்கு 2 இரவு போதும். உரிந்து எரிந்தால் முதலில் மாய்ஸ்சரைசர், அது ஊறியதும் ரெட்டினால், மறுபடி மாய்ஸ்சரைசர். "உள்ளே போக வேண்டியது முதலில்" என்று மேலே சொன்னதை இங்கே தெரிந்தே மீறுகிறோம். மருந்து கொஞ்சம் மெதுவாகப் போகட்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. கர்ப்பிணிகளும் கருத்தரிக்க நினைப்பவர்களும் இந்தக் குடும்பத்தின் பக்கமே போக வேண்டாம்.

அமிலமும் ரெட்டினாலும் ஒரே இரவில் வேண்டாம், மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வெறும் மாய்ஸ்சரைசர் இரவு ஒன்றிரண்டு வரட்டும். பருவுக்கான பென்சாயில் பெராக்சைடு பயன்படுத்துகிறவர்கள் அதைக் காலைக்கு மாற்றலாம். டிரெட்டினாயினோடு ஒன்றாகச் சேர்த்தால் அதைச் சிதைத்துவிடும். அடாபலீனை அப்படிச் சிதைப்பதில்லை, இரண்டும் சேர்ந்த ஜெல்லே கிடைக்கிறது. தலையணை உறையையும் துண்டையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பெராக்சைடு பட்ட இடம் வெளுத்துப்போகும். என்னிடம் நீலத் துண்டு ஒன்று மேகம் போட்ட வானம் மாதிரி இருக்கிறது.

மருத்துவர் எழுதிக் கொடுத்த களிம்பு இருந்தால், அவர் வேறு மாதிரி சொல்லாதவரை, அதுதான் தோலுக்கு மிக அருகில். கரப்பான் போன்றவற்றுக்கு ஸ்டீராய்டு களிம்பும் மாய்ஸ்சரைசரும் சேர்ந்து வரும்போது இரண்டுக்கும் நடுவில் 20 முதல் 30 நிமிடம் இடைவெளி விடச் சொல்வார்கள். ஒன்றன் மேல் ஒன்றாகத் தடவினால் களிம்பு நீர்த்து, போகக் கூடாத இடத்துக்கும் பரவும். அளவுக்கு விரல்நுனி அலகு என்று ஒன்று உண்டு. ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கினால் சுமார் அரை கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு வரும். நிறம் கூட்டும் கிரீம் என்று யாரோ கைமாற்றித் தருவதில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். அதை எந்த வரிசையிலும் தடவ வேண்டாம்.

பருவின் மேல் ஒட்டும் வில்லை இருக்கிறதே, அது சுத்தமான உலர்ந்த தோலில் எல்லாவற்றுக்கும் முன். கிரீமின் மேல் ஒட்டினால் விடியும்போது தலையணையில் கிடக்கும்.

இரவு: மூடுவது

மருந்து ஊறியதும் மாய்ஸ்சரைசர். முக எண்ணெய் பிடிக்கும் என்றால் அதற்கும் மேல் இரண்டு மூன்று சொட்டு. மிக வறண்ட தோலுக்குக் கடைசியாகப் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிய படலமாக. தோலிலிருந்து நீர் ஆவியாவதைத் தடுப்பதில் விலை மலிவான அதை மிஞ்ச ஆளில்லை. பரு வரும் முகத்துக்கு இது தேவைப்படாது. ரெட்டினாலோ அமிலமோ ஸ்டீராய்டோ போட்ட இரவில் மேலே இப்படிக் கனமாக மூடினால் உள்ளே இருப்பதன் வீரியம் கூடும், எரிச்சலும் கூடும். அந்த இரவுகளில் உதட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உருண்டு வந்தால், எரிந்தால்

திரித்திரியாக உருள்வதற்கு மூன்று காரணங்களைப் பார்த்திருக்கிறேன்: அளவு அதிகம், முந்தையது காயவில்லை, அழுத்தித் தேய்க்கிறோம். சிலிகோன் மிகுந்த இரண்டு பொருட்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமலும் உருளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் கொடுங்கள், தேய்க்காமல் ஒற்றுங்கள். அப்படியும் உருண்டால் ஒன்றைக் கழித்துவிடுங்கள். கடிகாரம் வைத்து இருபது நிமிடம் காத்திருப்பதெல்லாம் பெரும்பாலான பொருட்களுக்குத் தேவையில்லை. தொட்டால் கையில் ஒட்டாத அளவு காய்ந்தால் சரி.

சவரம் செய்த நாளில் அந்த இடத்தில் அமிலம், ரெட்டினால், வைட்டமின் சி மூன்றுக்கும் விடுமுறை.

சாதாரண மாய்ஸ்சரைசரே எரிகிறது என்றால் சுவர் இடிந்திருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மூன்றோடு சில வாரங்கள் ஓட்டுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள், ஒன்றுக்கும் மற்றதுக்கும் இரண்டு வாரமாவது இடைவெளி. அப்போதுதான் குற்றவாளி யார் என்று தெரியும். புதிதாக வாங்கியதை முழங்கையின் உள்பக்கத்தில் 7 முதல் 10 நாள் காலையும் மாலையும் தடவிப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுவருவது நல்லது. வீக்கம், கொப்புளம், நீர் வடிதல் என்றால் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பலன் தெரியவும் நாளாகும். தோலின் மேல்படலம் புதிதாக ஏறக்குறைய 4 வாரம் எடுக்கும், வயதானால் இன்னும் அதிகம். பருவுக்கு 6 முதல் 12 வாரம். கரும்புள்ளிக்கு மாதக்கணக்கு.

என் அலமாரியில் இப்போது காலைக்கு நான்கு, இரவுக்கு நான்கு, இடமிருந்து வலமாகத் தடவும் வரிசையிலேயே நிற்கின்றன. ரெட்டினால் குப்பி மட்டும் வெளிச்சம் படாமல் பின்வரிசையில். களைத்துப்போய் வரும் இரவில் அதைத் தேடுவதில்லை, முகத்தைக் கழுவி மாய்ஸ்சரைசரைத் தடவிவிட்டுப் படுத்துவிடுகிறேன்.